ஹார்லெமில் புரா பெல்ப்ரேயைத் தேடி

நியூயார்க் போகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது ஐந்தாம் அவென்யூவில் சிங்கச் சிலைகள் காவல் இருக்கும் பெரிய நூலகத்தைத்தான். நான் அதே ஊரின் ஹார்லெம் பகுதிக்கு ரயில் ஏறினேன். நூலகரும் குழந்தைக் கதை எழுத்தாளருமான புரா பெல்ப்ரே வேலை பார்த்த கிளை நூலகங்களை நடந்தே பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

135ஆவது தெரு நிலையத்தில் இறங்கிப் படியேறி வெளியே வந்தால், கறுப்பின மக்களின் வரலாற்றுக்கான ஆய்வு நூலகமான ஷோம்பர்க் மையம். அதை ஒட்டி, 1905இல் திறந்த பழைய கிளைக் கட்டடம். அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் சிட்ராவில் பிறந்த புரா, 1920இல் சகோதரியின் கல்யாணத்துக்காக இந்த ஊருக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டார். கொஞ்ச காலம் தையல் கம்பெனி வேலை. 1921இல் இந்தக் கிளையில் சேர்ந்தார். ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் அக்கம்பக்கத்தில் பெருகிக்கொண்டிருந்தன. அவர்களிடம் பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. போர்ட்டோ ரிக்கோ மக்களுக்கு 1917லேயே அமெரிக்கக் குடியுரிமை வந்துவிட்டது என்றாலும், மொழி தெரியாத குழந்தைக்கு நூலக வாசல் அந்நிய வாசல்தானே.

அலமாரியில் எந்தெந்த நாட்டுக் கதைகளோ இருந்தன. பாட்டி தனக்குச் சொன்ன கதைகளைத் தேடினார் புரா, ஒன்றுகூட இல்லை. சரி, நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்தார். மார்ட்டினா என்கிற கரப்பான் பூச்சியைப் பெண் கேட்டு ஒவ்வொருவராக வருகிறார்கள். அவள் பெரெஸ் என்கிற எலியைக் கட்டிக்கொள்கிறாள். அவனோ, அவள் ஆசையாகச் செய்த அரிசிப் பாயசத்தை எட்டிப் பார்க்கப்போய்ப் பானைக்குள் விழுந்துவிடுகிறான். அச்சில் வந்த கதைகளை மட்டுமே கதை நேரத்தில் சொல்லலாம் என்பது அன்றைய வழக்கம். தனி அனுமதி வாங்கி இதைச் சொன்னார். 1932இல் அது புத்தகமாகவே வந்தது. புத்தகங்களைப் பாதுகாக்கிற வேலைக்கு வந்த ஒருவர், இல்லாத புத்தகத்தை எழுதி அலமாரியில் வைத்திருக்கிறார். என்னைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய நூலகப் பணி இல்லை.

கரீபியன் தீவுகளிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள் ஆட்ரி லார்டும் சிறுமியாக வாசிக்கப் பழகியது இந்த 135ஆவது தெருக் கிளையில்தான். அவரும் பின்னால் நூலகரானார், கவிஞரானார்.

அங்கிருந்து தெற்கே இருபது தெரு நடந்தால் 115ஆவது தெருக் கிளை. இப்போது பாடகர் ஹாரி பெலஃபாண்டே பெயரில் இருக்கிறது. 1929இல் இங்கே மாற்றலாகி வந்த புரா, குழந்தை இயேசுவைக் காண ஞானிகள் வந்ததைக் கொண்டாடும் மூன்று ராஜாக்கள் திருநாளை நூலகத்துக்குள்ளேயே கொண்டாட வைத்தார். ‘அங்கே ஆங்கிலம்தான்’ என்று ஒதுங்கியிருந்த தாய்மார்கள் பிள்ளைகளோடு வர ஆரம்பித்தார்கள்.

அப்புறம் கிழக்கே, 110ஆவது தெருவில் அகிலார் கிளை. மூன்று மாடி உயரத்துக்குத் தூண்கள், நடுவே முழுக்கக் கண்ணாடி. கிரேஸ் அகிலார் என்ற யூத எழுத்தாளரின் பெயரில், யூதக் குடியேறிகளுக்காகத் தொடங்கிய நூலகம். அவர்களுக்குப் பின் வந்த போர்ட்டோ ரிக்கோ பிள்ளைகளுக்கு இங்கே கதை சொன்னவர் புரா.

1943இல் இசைக்கலைஞர் கிளாரன்ஸ் கேமரன் வொய்ட்டைக் கல்யாணம் செய்துகொண்டு வேலையை விட்டார். 1960இல் கணவர் இறந்த பிறகு மறுபடி நூலகத்துக்கே வந்தார். அறுபது தாண்டிய வயதில், நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸ் பகுதியில் பொம்மலாட்டத்தோடு கதை சொல்லிக்கொண்டிருந்தார். 1982இல் காலமானார். 1996 முதல் லத்தீன் அமெரிக்கப் பின்னணி கொண்ட குழந்தை எழுத்தாளர்களுக்கு அவர் பெயரில் பரிசு தருகிறார்கள்.

போகிறவர்கள் 135இல் தொடங்கித் தெற்கே நடங்கள். அரை நாள் போதும். குழந்தைகள் இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள்.