புத்தகத்துப் பிள்ளையும் எங்கள் வீட்டுப் பிள்ளையும்

இறுதி வருடத்தில் குழந்தை மருத்துவம் தொடங்கியபோது என் மகள் தவழத் தொடங்கியிருந்தாள். “உனக்கென்ன, கேஸ் வீட்டிலேயே இருக்கு” என்று பட்ச் பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். அது உண்மைதான். வளர்ச்சிப் படிகளைப் பாடமாக்க நான் மினக்கெடவே இல்லை. ஆறு மாதமளவில் பொருளை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றும் என்பதை என் ஸ்டெதஸ்கோப்பை வைத்தே செய்து காட்டினாள். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துப் பொறுக்கும் வித்தைக்குப் பாயில் சிந்திய புட்டுத் துகள் போதுமாக இருந்தது. பொறுக்கியது நேரே வாய்க்குள் போகும்.

பால்தான் பெரிய பாடு. விடிய வார்டுக்கு ஓடுவதற்கு முன் கறந்து வைத்துவிட்டுப் போவேன். கறந்த பால் வெளியில் நாலு மணித்தியாலம், பிரிட்ஜில் நாலு நாள் தாங்கும் என்று படித்திருக்கிறோம். அந்த நாலு மணித்தியாலம் 25 பாகை வெப்பத்துக்குச் சொன்ன கணக்கு. சித்திரை மாதத்தில் மட்டக்களப்புக் கல்லடியில் எங்கே 25 பாகை? கரண்ட் போனால் எனக்கு வார்டில் நின்றபடியே நெஞ்சு அடிக்கும். அம்மாவுக்கு அந்தக் கவலை கிடையாது. “நீ போ மகள், புள்ள என்னோட இருக்கும்” என்பார். பின்னேரம் வந்தால் பால்சுறாவில் வறை காத்திருக்கும். சுறா தின்றால் பால் ஊறும் என்பதற்குப் புத்தகத்தில் ஆதாரம் தேடவில்லை. ருசியாக இருந்தது, சாப்பிட்டேன்.

கிளினிக்கில் நிறை பார்க்கும் நாளில் நானும் மற்றத் தாய்மாரோடு வாங்கில்தான் இருப்பேன். வளர்ச்சிக் கோட்டைப் பார்த்த மிட்வைஃப் மிஸ் ஒருநாள், “டொக்டருக்குப் படிச்சா என்ன, நிறை ஏறேல்லையே” என்றார். பல் முளைக்கும் காய்ச்சல் என்று சமாளிக்கவும் வழியில்லை. பல் முளைப்பதால் பெரிய காய்ச்சல் வராது என்று எழுதிப் புள்ளி வாங்கியவள் நான்.

ஆனால் வார்டில் என் கேள்விகள் மாறிவிட்டன. முன்பெல்லாம் “பிள்ளை பால் குடிக்குதா?” என்று கேட்பேன், தாய் “இல்ல மிஸ்” என்பார், அப்படியே குறித்துக்கொள்வேன். இப்போது கட்டில் ஓரத்தில் இருந்து, “எத்தனை தரம் சலம் போச்சு? குடிச்சிட்டுத் தானா விடுதா, அழுதுகொண்டு விடுதா?” என்று கேட்கிறேன். போதிய பால் குடிக்கும் பச்சைப்பிள்ளை நாளைக்கு ஆறு தரமாவது சலம் போகும். வாழைச்சேனைப் பக்கமிருந்து வந்த ஒரு தாய் என்னைத் திருப்பிக் கேட்டார்: “மிஸ்ஸுக்கும் புள்ள இருக்கா?” ஓம் என்றதும், அதுவரை யாரிடமும் சொல்லாத கதை முழுவதையும் சொல்லி முடித்தார். மாமியார் கொடுத்த சீனித் தண்ணி உட்பட.

அடுத்தது மகப்பேற்றுப் பிரிவு. இரவிலும் பிரசவ அறையில் நிற்க வேண்டும். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.