மேக்ரோவில் கைக்கு எட்டிய ஒரு மில்லிமீட்டர்

மிக நெருக்கத்தில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸை 1:1 வரை திருகினால் பூச்சி, படம் பதியும் சென்சாரில் அதன் நிஜ அளவிலேயே விழும். அந்த நிலையில் ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட) கேமராவில் லென்ஸின் துளையை எஃப்/8 அளவில் வைத்தாலும் கூர்மையாகக் கிடைக்கும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். பொறிவண்டின் கண் தெளிந்தால் முதுகுப் புள்ளிகள் கலங்கிப்போகும். சில மாதங்களாக நான் செய்துவருவதெல்லாம் இந்த ஒரு மில்லிமீட்டரை எங்கே வைப்பது என்ற ஒரே கேள்விக்கான பயிற்சிதான்.

முதலில் துளையைச் சுருக்கிப் பார்த்தேன்; எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும். உலர்ந்த இலையின் நரம்புகளை எஃப்/5.6 தொடங்கி எஃப்/22 வரை எடுத்து, படங்களை அருகருகே வைத்து ஒப்பிட்டேன். ஆழம் கூடுகிறது, உண்மை. ஆனால் எஃப்/16 தாண்டியதும் நுண்ணிய கோடுகள் எல்லாமே சேர்ந்து மழுங்குகின்றன. ஒளிவிலகல் அல்ல, சிறு துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு வளைவுதான் காரணம். 1:1 உருப்பெருக்கத்தில் எஃப் எண் நடைமுறையில் இரட்டிப்பாகிவிடுகிறது. கேமராவில் 16 என்று வைத்தால் அது 32 போல வேலை செய்கிறது. அதனால் இப்போது எஃப்/8க்கும் எஃப்/11க்கும் இடையில்தான் நிற்கிறேன்.

ஆழத்தைக் கூட்ட வழியில்லை என்றால் கோணத்தை மாற்றலாம். இதில் கிடைத்த முன்னேற்றம் எந்தக் கருவியாலும் கிடைக்காதது. ஊசித்தட்டானின் பக்கவாட்டுக்கு இணையாகக் கேமராவின் பின்புறத்தைப் பிடித்தால், தலையிலிருந்து வால் நுனிவரை ஒரே தளத்தில் வந்துவிடும். நேர் எதிரே நின்று எடுத்தால் கண்கள் மட்டும்தான். அப்போது மற்றதெல்லாம் மங்கட்டும் என்று முடிவு செய்துகொண்டே எடுக்க வேண்டும். பூக்களிலும் இப்படித்தான். சூல்முடியும் மகரந்தப்பையும் ஒரே தளத்தில் வரும் சாய்வு ஒன்று பெரும்பாலும் இருக்கும். பூவைச் சுற்றி வந்து அதைத் தேட வேண்டும்.

ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டேன். உருப்பெருக்கத்தை முதலிலேயே நிலைநிறுத்திவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துக் கண் தெளியும் கணத்தில் அழுத்துகிறேன். இடது கை விரல்களால் செடியின் தண்டைப் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸைத் தாங்கிக்கொள்வது பெரிய உதவி. காற்றடித்தால் பூச்சியும் கேமராவும் சேர்ந்தே ஆடும், இடைவெளி மாறாது.

வெளிச்சத்தில்தான் அதிக நேரம் போனது, போகவும் வேண்டும். எஃப்/11இல், இவ்வளவு நெருக்கத்தில், கையில் பிடித்து எடுக்க ஃபிளாஷ் இல்லாமல் முடிவதில்லை. திறனை 1/16க்குக் குறைத்தால் ஒளி வீசும் நேரம் ஒரு நொடியில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான். கை நடுக்கம் அதில் உறைந்துவிடும். ஆனால் வெறும் ஃபிளாஷ் வண்டின் ஓட்டில் வெள்ளைப் பொட்டாக எரிந்து, அடியில் உள்ள நிறத்தையும் குழிகளையும் விழுங்கிவிடும். ஒளி மென்மையாக இருக்க, பூச்சியோடு ஒப்பிட ஒளிமூலம் பெரிதாக இருக்க வேண்டும். அதற்காக, ஒளி ஊடுருவும் வெள்ளைத் தாளை ஃபிளாஷ் தலையிலிருந்து லென்ஸ் முனையைத் தாண்டி வளைத்துக் கட்டினேன். ஒரே தாளில் நடுப்பகுதி மட்டும் பளிச்சென்று நின்றது. சற்று இடைவெளி விட்டு இரண்டாவது தாள் வைத்ததும் ஒளி சமமாகப் பரவியது. ஈயின் கூட்டுக்கண்ணில் தனித்தனிக் கட்டங்கள் தெரிய ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். அந்தப் படத்தை இன்னும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பின்னணி கருப்பாவதைத் தவிர்க்க வழி எளிது. ஃபிளாஷ் ஒளி தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால் பின்னால் உள்ளதை எட்டுவதில்லை. பூச்சிக்குச் சற்றுப் பின்னால் ஓர் இலை வரும்படி நின்றால் போதும்.

விடியற்காலையில் பூச்சிகளின் உடல் குளிர்ந்திருக்கும். பறக்கத் தசைகள் சூடேற வேண்டும் என்பதால் தட்டான்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பல படங்களின் தெளிந்த பகுதிகளை ஒன்றாக்கும் ஃபோகஸ் ஸ்டாக்கிங் செய்ய அதுவே நேரம்: முன்னிருந்து பின்னாகச் சிறு சிறு நகர்வில் எடுத்து, ஹெலிகான் ஃபோகஸ் போன்ற மென்பொருளில் இணைக்கிறேன். இடையில் உணர்கொம்பு அசைந்தால் இரட்டை உருவம் விழும். அசையாதிருக்கப் பூச்சியைக் குளிர்பெட்டியில் வைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு படத்துக்காக ஓர் உயிரை முடக்கக் கூடாது.

இப்போது முயல்வது குறுக்கு முனைவாக்கம். ஃபிளாஷ் முன் ஒரு போலரைசர் தாள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது), லென்ஸில் ஒரு போலரைசர் ஃபில்டர். இரண்டும் செங்குத்தாக அமைந்தால் இலையின் மெழுகுப் பளபளப்பு நீங்கி உள்நிறம் வெளிவருகிறது. வண்டுக்கு அதுவே அதிகம். மினுமினுப்பு முழுதும் போனால் ஓட்டின் உருட்சியும் போய்விடுகிறது. ஃபில்டரைச் சற்றுத் திருப்பிக் கொஞ்சம் பளபளப்பை விட்டுவைக்கிறேன். இந்த அமைப்பு ஒளியை நிறையக் குடிப்பதால் ஃபிளாஷ் திறனைக் கூட்ட வேண்டியிருக்கிறது. அடுத்து ஈர இலைகளில் எடுத்துப் பார்க்க வேண்டும்.