பிரஷர் என்று சொல்லிவிட்டார்கள்: முதல் மூன்று மாதம்

பல் பிடுங்கப் போன இடத்திலோ, தெருமுனை மருத்துவ முகாமிலோ கையில் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு "160/100 இருக்கே" என்கிறார்கள். தலைவலியோ கிறுகிறுப்போ இல்லாதவருக்கு இதை நம்புவது கஷ்டம். அன்றே கடையில் மாத்திரை வாங்கிப் போடத் தொடங்குவார், இல்லையென்றால் "அன்னிக்கு டென்ஷன்" என்று மறந்துவிடுவார். இரண்டுமே தப்பு. நடுவில் ஒரு வார வேலை இருக்கிறது. அதை ஒழுங்காகச் செய்தவர்களுக்குப் பின்னால் வரும் குழப்பத்தில் பாதி வருவதில்லை.

முதலில் மெஷின். கடையில் கேட்க வேண்டியது மேல்கையில் கட்டும் தானியங்கி மெஷின். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். கை கொஞ்சம் தாழ்ந்தாலே அதில் எண் மாறிவிடும். விலையைவிடப் பட்டையின் அளவுதான் முக்கியம். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் டேப் வைத்துச் சுற்றளவை அளந்துகொண்டு போங்கள். பல மெஷின்களோடு வரும் சாதாரணப் பட்டை 22 முதல் 32 செ.மீ. வரைக்கும்தான். கை 35 செ.மீ. இருப்பவர் அதை இழுத்துக் கட்டினால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். மிகவும் பருத்த கையில் இந்தப் பிழை 20 புள்ளியைத் தொடும். அதாவது பிரஷரே இல்லாத ஒருவர் பட்டையால் மட்டும் நோயாளி ஆகிவிடலாம்.

இந்த மெஷின்கள் மேல் எண்ணையும் (160/100-இல் 160) கீழ் எண்ணையும் (100) நேரடியாகப் பிடிப்பதில்லை. பட்டை தளரும்போது ரத்தக்குழாய் துடிப்பதால் காற்றில் உண்டாகும் அதிர்வைப் பதிவு செய்து, அதிலிருந்து கணக்குப் போட்டு எண்ணைச் சொல்கின்றன. நடுவில் விரலை அசைத்தாலும் அதிர்வில் கலந்துவிடும். துடிப்பே ஒழுங்கில்லாமல் இருக்கும் இதய நோயாளிகளுக்கு இந்தக் கணக்கு தடுமாறும். மெஷினில் ஒழுங்கற்ற துடிப்புக்கான குறி அடிக்கடி வந்தால் அதை மருத்துவரிடம் காட்டி ஈசிஜி எடுக்க வேண்டும்.

அந்த ஒரு வாரம் செய்ய வேண்டியது இதுதான். காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன்னால் இரண்டு தடவை, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு தடவை, 1 நிமிட இடைவெளி விட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, சிகரெட், நடைப்பயிற்சி எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு உட்கார வேண்டும். முட்டிக்கொண்டிருக்கும் சிறுநீரே எண்ணை ஏற்றிவிடும். முதுகு சாய்ந்திருக்கும் நாற்காலி, தரையில் படிந்த பாதம், கால்மேல் கால் போடாத இருப்பு, 5 நிமிட அமைதி. பட்டை சட்டைக்கு மேல் அல்ல, தோலின்மேல். முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே கட்ட வேண்டும். கையை மேசையில் தலையணை வைத்து நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். கை நெஞ்சைவிட 10 செ.மீ. தாழ்ந்திருந்தால் 7 அல்லது 8 புள்ளி கூடுதலாகக் காட்டும். தொடையில் கையை வைத்துக்கொண்டு, டிவி பார்த்தபடி, பேரனிடம் பேசிக்கொண்டே எடுத்த எண்ணுக்கு மதிப்பு கிடையாது. முதல் நாள் மட்டும் இரண்டு கையிலும் பாருங்கள். எதில் கூடுதலோ அந்தக் கையையே பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் 20 புள்ளிக்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எல்லா எண்ணையும் நோட்டில் எழுத வேண்டும். இங்கேதான் ஒரு வேடிக்கை நடக்கிறது. 152 வந்ததும் "இது சரியில்லை" என்று இன்னொரு தடவை, மறுபடி ஒரு தடவை என அழுத்தி, 134 வந்ததை மட்டும் எழுதுவார்கள். வேறு சிலர் எண்ணைத் தோராயமாக எழுதுவார்கள். அந்த நோட்டுகளை மருத்துவர்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள்: எல்லா எண்ணும் 0-விலும் 5-லும் முடிந்திருக்கும். 7 நாளில் 28 எண்கள் சேரும். முதல் நாளின் நான்கையும் தள்ளிவிட்டு மிச்சம் 24-க்குச் சராசரி போடுங்கள். வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் உயர் ரத்த அழுத்தம்தான். ஆஸ்பத்திரியில் இதற்கான கோடு 140/90. வீட்டில் 124/78, ஆஸ்பத்திரியில் மட்டும் 150 என்றால் வெள்ளைக்கோட்டு பிரஷர். அதற்கு உடனே மாத்திரை வேண்டியிருக்காது, ஆனால் வருடா வருடம் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு நேர்மாறாக, ஆஸ்பத்திரியில் சரியாகவும் வீட்டில் கூடுதலாகவும் இருப்பவர்களும் உண்டு. அதுதான் ஆபத்தான வகை, ஏனென்றால் யாரும் தேடுவதில்லை.

முதல் நாளே 180/120-ஐத் தாண்டியிருந்தால் ஒரு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவர்.

மாத்திரை தொடங்குமுன் சில பரிசோதனைகள் எழுதித் தருவார்கள்: சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, ஒரு ஈசிஜி. செலவு வைக்கிறார்கள் என்று தோன்றலாம். கிரியேட்டினினும் பொட்டாசியமும் தெரியாமல் அடுத்த கட்ட மாத்திரையைப் பாதுகாப்பாகத் தொடங்க முடியாது. மருந்து எதுவும் எடுக்காமலே பொட்டாசியம் குறைவாக இருந்தால் கிட்னிக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியைச் சந்தேகிக்க வேண்டும். வயது 30-க்குள் பிரஷர் வந்தவர்களுக்கும், பலமாகக் குறட்டை விட்டுப் பகலெல்லாம் தூங்கி வழிபவர்களுக்கும் காரணத்தைத் தேடுவது பலன் தரும்.

பெரும்பாலும் முதலில் வருவது அம்லோடிபின் 5 மி.கி., தினமும் ஒன்று. இது மெதுவாக ஏறும் மருந்து. உடம்பில் ஒரு நிலைக்கு வரவே ஒரு வாரம் ஆகும், முழுப் பலன் தெரியச் சில வாரங்கள். மூன்றாம் நாள் பார்த்துவிட்டு "கேட்கவில்லை" என்று மருத்துவரை மாற்றுவதில் அர்த்தமில்லை. காலையிலா இரவிலா என்ற கேள்விக்கு, பிரிட்டனில் 21,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2022-இல் வெளியான டைம் ஆய்வு பதில் சொல்லிவிட்டது: மாரடைப்பு, பக்கவாதம் வரும் விகிதத்தில் வித்தியாசம் இல்லை. மறக்காத நேரமே நல்ல நேரம்.

அம்லோடிபினில் மக்களை ஓட வைப்பது கணுக்கால் வீக்கம். 10 மி.கி. போடுபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வரும், 5 மி.கி.-யில் குறைவு. கிட்னி போய்விட்டது என்று பயந்து நீர் பிரியும் மாத்திரையைத் தானாக வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. இந்த வீக்கம் உடம்பில் நீர் கூடியதால் வருவதல்ல. சிறு தமனிகள் விரிந்து, தந்துகிகள் என்ற மிக நுண்ணிய ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிவதால் வருவது. அதனால் நீர் மாத்திரைக்குப் பெரிதாகக் கேட்காது. அளவைக் குறைப்பது, டெல்மிசார்டன் என்ற வேறு வகை பிரஷர் மருந்தைச் சேர்ப்பது, அம்லோடிபினின் உறவான சில்னிடிபினுக்கு மாற்றுவது என்று வழிகள் இருக்கின்றன. நிறுத்திவிடாமல் போய்ச் சொல்ல வேண்டும். ஒரு காலில் மட்டும் வீங்கினால், அல்லது மூச்சு வாங்கினால், விஷயம் வேறு. அன்றே காட்டுங்கள்.

ஒரு மாதம் கழித்தும் மருத்துவர் சொன்ன இலக்குக்கு எண் இறங்கவில்லை என்றால் இரண்டாவது மருந்து, பெரும்பாலும் டெல்மிசார்டன் 40 மி.கி. ஒரே மருந்தின் அளவை ஏற்றிக்கொண்டே போவதைவிட இரண்டு மருந்தைக் குறைந்த அளவில் சேர்ப்பது நன்றாகக் கேட்கும், தொந்தரவும் குறைவு. பலர் இதை "நோய் முற்றிவிட்டது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை, இரண்டு மருந்து தேவைப்படுகிறவர்கள்தான் அதிகம். டெல்மிசார்டன் தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் திரும்பப் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் சற்று ஏறுவது எதிர்பார்த்ததே. 30 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் யோசிக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பத்துக்கு முயல்பவர்களுக்கும் இது ஆகாது. இன்னொன்று, யாரும் சொல்லாதது: டெல்மிசார்டன் ஈரம் இழுக்கும். வாரத்துக்கு ஒருமுறை பிரித்து டப்பாவில் போட்டு வைக்காமல், போடும் நேரத்தில் அட்டையிலிருந்து எடுக்க வேண்டும். எனலாப்ரில், ராமிப்ரில் என்ற பிரஷர் மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு வறட்டு இருமல் வந்தால் இருமல் மருந்தைத் தேடாமல் மாத்திரையை மாற்றச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த மாத்திரைகள் இலவசம். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வந்த பிறகு வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. தனியார் மருத்துவர் எழுதிய கம்பெனிப் பெயர் மாத்திரையையும், சுகாதார நிலையத்து வெள்ளை மாத்திரையையும் இரண்டு வேறு மருந்து என்று நினைத்துச் சேர்த்துப் போடுவது. இரண்டும் அம்லோடிபினாக இருக்கும். அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படிக்க வேண்டும். எஸ்-அம்லோடிபின் 2.5 மி.கி. என்பது சாதாரண அம்லோடிபின் 5 மி.கி.-க்குச் சமம். எண்ணைப் பார்த்து "பாதிதான்" என்று இரண்டாகப் போட்டுவிடாதீர்கள்.

மாத்திரை ஒழுங்காகப் போட்டும் இறங்கவில்லை என்றால், மூன்றாவது மருந்துக்கு முன் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும். மூட்டுவலிக்குத் தினமும் டைக்ளோஃபெனாக் அல்லது ஐபுபுரூஃபன் போகிறதா? இவை உப்பையும் நீரையும் தேக்கி பிரஷரை ஏற்றும். டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் எடுப்பவருக்கு இதுவும் சேர்ந்தால் கிட்னி திடீரென்று பாதிக்கப்படலாம். மூக்கடைப்புக்கான ஜலதோஷ மாத்திரைகளில் ஃபினைலெஃப்ரின் இருக்கும், அதுவும் ஏற்றும். தண்ணீரில் நுரைத்துக் கரையும் பாராசிட்டமால் ஒன்றில் சுமார் 1 கிராம் உப்பின் சோடியம் இருக்கிறது. தொண்டைக்கு நல்லது என்று தினமும் அதிமதுரம் சப்புபவர்கள் கவனிக்க வேண்டும். அதிலுள்ள சத்து உடம்பில் உப்பைத் தங்கவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும். மூலிகை என்பதால் யாரும் அதைப் பட்டியலில் சொல்வதே இல்லை.

உப்பைக் கணக்கிட ஒரு சுலப வழி. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் 1 கிலோ உப்புப் பாக்கெட் குறைந்தது 50 நாள் வர வேண்டும். மூன்று வாரத்தில் தீர்ந்தால் அளவு இரண்டு மடங்குக்கு மேல். வெளியிலிருந்து வரும் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் இந்தக் கணக்கில் சேரவில்லை. இட்லி மாவுக்குப் போடும் உப்பைக் குறைப்பது யாருக்கும் தெரியாது, சாம்பாரும் சட்னியும் ஈடுகட்டிவிடும். அங்கே தொடங்குங்கள். இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். பொட்டாசியம் கலந்த குறைசோடிய உப்பு உண்மையிலேயே உதவும். சீனக் கிராமங்களில் நடந்து 2021-இல் வெளியான பெரிய ஆய்வில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் கிட்னி பழுதுள்ளவர்களும், டெல்மிசார்டனோ, ஸ்பைரனோலாக்டோன் என்ற நீர் மாத்திரையோ எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

மூன்றாம் மாதம் 128/80 வந்துவிடும். பலர் மாத்திரையை நிறுத்துவது சரியாக இந்த இடத்தில்தான். அம்லோடிபின் உடம்பைவிட்டு மெதுவாகப் போவதால் நிறுத்திய சில நாள் வரை எண் நன்றாகவே இருக்கும், "பார், மாத்திரை இல்லாமலே சரியாக இருக்கு" என்று தோன்றும். இரண்டு மூன்று வாரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடும். எடை 8, 10 கிலோ இறங்கி, உப்பும் குறைந்து, எண் தொடர்ந்து 110-க்குப் பக்கத்தில் இருந்தால் மருத்துவரே அளவைக் குறைப்பார், ஒரு நேரத்தில் ஒரு மருந்து என்று.

இடையில் ஒரு ராத்திரி 178 காட்டும். வலி, தூக்கமின்மை, சண்டை, எதுவாகவும் இருக்கலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் ஏதாவது இருந்தால் 108. இல்லையென்றால் அரை மணி நேரம் அமைதியாக இருந்துவிட்டு மறுபடி பார்த்து, அந்த நாள் மாத்திரை போட்டாயிற்றா என்று சரிபார்த்து, மறுநாள் காட்டினால் போதும். மறுபடி பார்க்கும்போது 180/120-ஐத் தாண்டியிருந்தால் மருத்துவரை அப்போதே கேளுங்கள். நிஃபெடிபின் கேப்சூலைக் கடித்து நாக்குக்கு அடியில் வைக்கும் பழைய வழக்கம் வேண்டாம். அழுத்தம் தடாலென்று விழுந்து அதனாலேயே பக்கவாதமும் மாரடைப்பும் வந்திருக்கின்றன.

கட்டுக்குள் வந்த பிறகு 3 மாதத்துக்கு ஒரு தடவை காட்டினால் போதும், கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீர் வருடத்துக்கு ஒரு முறை. கத்திரி வெயிலில் எண் தானாகவே இறங்கி, எழுந்து நிற்கும்போது கண் இருட்டலாம். அப்போது நின்றபடி ஒரு முறை அளந்து குறித்துக்கொண்டு போங்கள். வாந்தி பேதி கண்ட நாளில் டெல்மிசார்டன், நீர் மாத்திரை இரண்டும் கிட்னிக்குச் சுமை. அன்று போடுவதா நிறுத்தி வைப்பதா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு, பதிலை மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதி வாங்கிவிடுங்கள்.