கோயிலை வலமாக, சாலையை இடமாக

யாழ்ப்பாணத்தில் நாங்கள் சைக்கிள் ஓடுவோம். சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். 2015 ஜூனில் முகலிவாக்கத்துக்குக் குடிவந்த முதல் வாரத்தில், "எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியும், இங்கே பழைய சைக்கிள் எங்கே கிடைக்கும்?" என்று எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டேன். "நீங்கள் கேரளாவா?" என்று கேட்டார். இலங்கை என்றதும் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய்க் காபி கொடுத்தார். சைக்கிளைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. அவருக்குத் தெரிந்த பெண்கள் எல்லாரும் ஸ்கூட்டரில் போகிறவர்கள். சைக்கிள் என்பது பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்து, கார் நிறுத்தும் இடத்துக்குள் சுற்றவிடும் பொருள்.

என் வயதுக்காரர்களுக்கு அது வேறு. 1990-க்குப் பிறகு போர்க்காலப் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் மருந்துக்கும் கிடைக்காத காலம் வந்தது. நெல்மூட்டை, விறகு, ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணி எல்லாம் சைக்கிள் கரியரில்தான். எட்டு வயதில் அப்பாவின் பெரிய சைக்கிளில், பாருக்கு அடியில் காலை நுழைத்து ஓடிப் பழகினேன். இங்கே அதற்குக் குரங்குப் பெடல் என்று பெயர். கேட்டவுடன் எனக்குப் பிடித்துப்போன தமிழ்நாட்டுச் சொற்களில் அது ஒன்று. கோப்பாயிலிருந்து தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி கோயிலுக்குப் பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பத்துப் பதினைந்து சைக்கிளில் போவோம். வானத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறோம். பின்னால் வரும் வண்டிக்குப் பயந்ததில்லை.

அந்தப் பழக்கத்தில்தான் 2021-இல் ஒரு தவறு செய்தேன். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் குடியிருப்பில் சைக்கிள் பழகிய பிள்ளைகள் ஏழு பேர், உடன்வர இசைந்த பெரியவர்கள் நான்கு பேர். நீண்ட தூரம் போகவேண்டும் என்று பிள்ளைகள் கேட்டதும், எல்லாரும் சொல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையையே நானும் தேர்ந்தெடுத்தேன். சைக்கிள்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், உத்தண்டிக்கு அப்பால் இறங்கி, விடிந்தவுடன் முட்டுக்காட்டை நோக்கிப் புறப்பட்டோம். கடல் காற்று, அகலமான சாலை, எதிரும் புதிருமாகச் சைக்கிள்காரர்கள். என் மனம் நிறைந்திருந்தது.

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. மகள் என்ன வருகிறது என்று வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாள். தலை திரும்பிய பக்கமே ஹேண்டில்பாரும் திரும்பியது. மூன்றே வினாடிகளில் அவள் சாலையின் ஓரத்தை விட்டு நடுப்பக்கம் வந்துவிட்டாள். மறுபடி ஹாரன். திடுக்கிட்டு இடது பக்கம் வெட்டினாள். தார் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் ஒரு சாண் இறக்கம் இருந்தது, அதில் முன் சக்கரம் இறங்கிச் சரிந்தது. பஸ் போய்விட்டது. முழங்காலில் தோல் உரிந்ததோடு தப்பினாள். நான் சாலை ஓரத்தில் உட்கார்ந்து அவள் காலில் ஒட்டிய மணலைக் குடிதண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தபோது என் கை நடுங்கியது நின்றபாடில்லை.

அதன்பிறகு பல நாள் அந்த மூன்று வினாடிகளையே யோசித்தேன். பிள்ளை கவனக்குறைவாக இருக்கவில்லை. சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பது இயல்பு. தோளைத் திருப்பாமல் கழுத்தை மட்டும் திருப்பும் பழக்கம் நீண்ட பயிற்சியில்தான் வரும். தூரத்தில் வரும் வண்டி எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறது என்று கணிப்பதும் அந்த வயதில் கைகூடாது. ஆகவே, பிள்ளை தவறு செய்தாலும் உயிர் பிழைக்கும் சாலையைத்தான் நான் தேடவேண்டும். அகலமும் வழவழப்பும் பெரியவர்களுக்கு வசதி; அவையே வண்டிகளின் வேகத்தைக் கூட்டுகின்றன. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் வலு நான்கு மடங்கு. வார இறுதியில் அத்தனை சைக்கிள்காரர்கள் போகிறார்களே, பயம் எதற்கு என்று நண்பர்கள் கேட்டார்கள். போகிறவர்கள் வளர்ந்தவர்கள், மணிக்கு 25, 30 கிலோமீட்டர் வேகத்தில் நேர்கோட்டில் போகத் தெரிந்தவர்கள். ஒன்பது வயதுப் பிள்ளை 10 கிலோமீட்டரில், சற்று ஆடி ஆடித்தான் போகும். அந்தச் சாலைக்குப் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த யாரையும் இனி அழைத்துப் போவதில்லை என்று முடிவு செய்தேன். இன்றுவரை மாறவில்லை.

வழி காட்டியவர் எங்கள் தெருமுனையில் பங்சர் கடை வைத்திருக்கும் பெரியவர். வளைந்த ரிம்மை நிமிர்த்திக்கொண்டே நடந்ததைக் கேட்டார். "ஏன் அம்மா கடலுக்குப் போகிறீர்கள்? இந்தப் பக்கம் ஒன்பது கோயில் இருக்கிறதே, ஊருக்குள்ளேயே புகுந்து போய்விடலாம்" என்றார். போரூரைச் சுற்றி நவக்கிரகத் தலங்களாக வணங்கப்படும் சிவன் கோயில்கள் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கொளப்பாக்கம் சூரியனுக்கு, சோமங்கலம் சந்திரனுக்கு, பூந்தமல்லி செவ்வாய்க்கு, கோவூர் புதனுக்கு, போரூர் குருவுக்கு, மாங்காடு சுக்கிரனுக்கு, பொழிச்சலூர் சனிக்கு, குன்றத்தூர் ராகுவுக்கு, கெருகம்பாக்கம் கேதுவுக்கு. பழைய ஊர்கள் என்பதால் அவற்றை இணைக்கும் பழைய சாலைகளும் இருக்கின்றன. குறுகலானவை, வளைவுகள் நிறைந்தவை, சில இடங்களில் மாடு படுத்திருக்கும். வேகமாக யாராலும் போகமுடியாது. எனக்கு வேண்டியது அதுதான்.

இன்னொன்றும் கிடைத்தது. நான்கைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிழலும் தண்ணீரும் உள்ள ஒரு வாசல். பிள்ளைகளுக்கு 22 கிலோமீட்டர் என்று சொன்னால் மலைப்பாக இருக்கும். அடுத்த கோயில் என்று சொன்னால் போய்விடுவார்கள்.

கைபேசி வரைபடம் குறுகிய வழியைக் காட்டும். நான் எண்ணத் தொடங்கியது வலது திருப்பங்களை. சாலையின் இடப்பக்கம் போகும் நாட்டில் இடது பக்கம் திரும்புவது எளிது, ஓரத்தைப் பிடித்துக்கொண்டே திரும்பிவிடலாம். வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் பின்னால் வரும் வண்டிகளையும் எதிரே வரும் வண்டிகளையும் குறுக்கே கடக்கவேண்டும். பதினொரு சைக்கிள் ஒன்றாகக் கடக்க இடைவெளி கிடைப்பதே அரிது. வரிசை இரண்டாக அறுந்தால், பின்தங்கிய பிள்ளை முன்னே போனவர்களைப் பிடிக்கும் அவசரத்தில் பார்க்காமல் பாய்ந்துவிடும். அதனால் சுற்றை இடஞ்சுழியாக அமைத்தேன்: முகலிவாக்கத்திலிருந்து மதனந்தபுரம், மௌலிவாக்கம், பரணிபுத்தூர் வழியாக மாங்காடு; அங்கிருந்து குன்றத்தூர்; திரும்பும்போது கோவூர், கெருகம்பாக்கம், கொளப்பாக்கம், வீடு. கோயிலை வலம் வருகிறோம், சாலையை இடம் வரவேண்டும். பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை சொன்னதே போதுமாக இருந்தது. மிஞ்சிய வலது திருப்பங்கள் இரண்டு. அந்த இரண்டு இடத்திலும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பாதசாரிகளாகக் கடக்கிறோம்.

வழியை முடிவு செய்யுமுன் நான் மட்டும் தனியாக மூன்று முறை போய்வந்தேன். மூன்றும் ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளோடு போகப்போகும் அதே நேரம். செவ்வாய்க்கிழமை மாலையில் பார்த்த சாலை ஞாயிறு காலையில் வேறு சாலை. முதல் தடவை தெருநாய்களைக் குறித்துக்கொண்டேன். இறைச்சிக்கடை வாசல்களில் அவை கூட்டமாக நிற்கின்றன. அவ்விடங்களில் மிதிப்பதை நிறுத்தி மெதுவாகப் போகவேண்டும், துரத்தினால் இறங்கி நின்று சைக்கிளை நடுவில் வைத்துக்கொள்ளவேண்டும் என்று பிறகு பிள்ளைகளுக்குப் பழக்கினேன். இரண்டாவது தடவை, வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடைகளையும், கம்பிகள் சாலையின் போக்கிலேயே நீளமாக இருக்கும் வடிகால் மூடிகளையும் பார்த்துவைத்தேன். 20 அங்குலச் சக்கரத்தின் ஒல்லி டயர் அந்தக் கம்பி இடுக்கில் சரியாக உட்கார்ந்துவிடும். மூன்றாவது தடவை குன்றத்தூரில் மாட்டிக்கொண்டேன். மலைமேல் முருகன் கோயிலில் கல்யாணங்கள். விடிகாலையிலேயே வேன்கள், பூ அலங்காரம் செய்த கார்கள், சாலையை அடைத்து நின்றன. அன்றிலிருந்து தேதி குறிக்குமுன் தினசரிக் காலண்டரில் முகூர்த்த நாளா என்று பார்ப்பது என் வேலை. கிருத்திகையும் பார்க்கவேண்டும். தண்ணீர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போகும் என்பதைப் பங்சர் கடைப் பெரியவர் மனப்பாடமாகச் சொன்னார். அந்த விவரம் எந்த வரைபடத்திலும் இல்லை.

மழைக்காலத்தில் போவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முகலிவாக்கம் மூழ்கியபோது நாங்கள் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வீதியில் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தபோது முன்னால் கம்பை ஊன்றி ஊன்றிப் போன ஓர் இளைஞரின் பின்னாலேயே போனேன். திறந்த வடிகால் எங்கே இருக்கிறது என்று தண்ணீருக்கு மேலிருந்து யாருக்கும் தெரியவில்லை. ஒரு சிறிய மழைக்குப் பின் தேங்கும் குட்டையும் அப்படித்தான். அடி தெரியாத தண்ணீரில் பிள்ளையின் சக்கரத்தை விடமாட்டேன். மார்கழி பாதியில் தொடங்கி மாசி முடிய எங்கள் காலம். தை மாதத்தில் சூரியன் ஆறரையை ஒட்டித்தான் எழுகிறது, ஆகவே ஆறேகாலுக்கு முன் புறப்படுவதில்லை. இருட்டில் சிவப்பு விளக்கு எரிந்தாலும் பள்ளம் தெரியாது. பத்து மணிக்குள் வீடு.

வரிசையின் முன்னால் நான் போவதில்லை. அந்த இடம் எதிர்வீட்டு அக்காவின் மகனுக்கு, கல்லூரியில் படிக்கிறான், வழி தெரிந்தவன். அவனுக்கு அடுத்து எங்கள் கூட்டத்தில் மிகச் சிறியவள். அவள் வேகம்தான் எல்லாருடைய வேகமும். பெரியவர்கள் பிள்ளைக்குப் பின்னால் வலப்பக்கமாக, சற்றே விலகிப் போகிறோம். பின்னால் வரும் ஓட்டுநர் முதலில் சுற்றிப்போக வேண்டியது எங்களை. கடைசி இடம் எனக்கு, பம்பும் ஒட்டுப்போடும் சாமானும் என் கூடையில். திரும்பிப் பார்ப்பது என் வேலை, பிள்ளைகள் திரும்பவே கூடாது. வண்டி வந்தால் நான் குரல் கொடுப்பேன்.

குரல் கொடுக்கச் சொற்கள் வேண்டியிருந்தன. "பின்னால்" என்றால் வண்டி வருகிறது. "பள்ளம்" என்பதற்கு விளக்கம் வேண்டாம். சாலைகள் கூடும் இடத்துக்குத்தான் சரியான சொல் அமையவில்லை. "ஜங்ஷன்" என்று கத்திப் பார்த்தோம், காற்றில் தேய்ந்துவிடுகிறது. எனக்கு வாய்தவறி வந்தது எங்கள் ஊர்ச் சொல்: சந்தி. கோப்பாய்ச் சந்தி, நல்லூர்ச் சந்தி என்று பிறந்ததுமுதல் சொன்ன சொல். இரண்டே அசை, தெளிவாகக் கேட்டது. சந்தி என்றால் மிதிப்பதை நிறுத்து, பிரேக்கில் விரலை வை.

முதல் சுற்றில் குன்றத்தூர் நாகேசுவரர் கோயில் வாசலில் வாழைப்பழமும் வேர்க்கடலையும் சாப்பிட்டோம். அது சேக்கிழார் பிறந்த ஊர், அந்தக் கோயிலை எழுப்பியவரும் அவர் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். எங்கள் ஊர்க் கோயிலில் அவருடைய பெரியபுராணப் பாட்டுகளுக்குப் பெரியவர்கள் பொருள் சொல்ல, தூணில் சாய்ந்து தூங்கிய சிறுமி நான். அவர் ஊருக்குச் சைக்கிளில் வந்து நிற்பேன் என்று அப்போது யார் நினைத்தார்கள்? கோவூரில் தியாகராஜர் ஐந்து கிருதிகள் பாடிய கதையை, பாட்டு கற்கும் ஒரு சிறுமி எல்லாருக்கும் சொன்னாள். இந்த ஊர் எனக்குத் தெரியத் தொடங்கியது இந்தச் சாலைகளில்தான். அதற்கு முன் ஆறு வருடம் இங்கே வாழ்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

போன தை மாதம் சோமங்கலம் போனோம். குன்றத்தூருக்கு அப்பால் வெளிவட்டச் சாலையைக் கடக்கவேண்டும் என்பதால் அதை மூன்று வருடம் தள்ளிப்போட்டிருந்தேன். அணுகுசாலையில் எதிர்த்திசையில் மோட்டார் சைக்கிள்கள் வரும். அங்கே எல்லாரும் இறங்கி, இரு பெரியவர்கள் கைநீட்டி நிற்க, தள்ளிக்கொண்டு கடந்தோம். பிறகு வயலும் ஏரியுமாக இருந்தது. போகவர 35 கிலோமீட்டர் அளவில். ஒரு பிள்ளையும் அழவில்லை, ஒருவனுக்கு மட்டும் செயின் கழன்றது.

அன்று மாலை துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போனேன். கீழே கார் நிறுத்தும் இடத்தில், புதிதாகக் குடிவந்த வீட்டின் ஆறு வயதுப் பையனை என் மகள் சைக்கிளில் பழக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு தூண்களுக்கு நடுவே அவன் வளையும் இடம் வந்ததும் அவளும் மற்ற பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள்: "சந்தி!" அவன் மிதிப்பதை நிறுத்தினான். விரல் பிரேக்குக்குப் போனது.