எத்தனாம் நம்பர் கூண்டு?

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் வேலை பார்த்த வருஷங்களில் ஐப்பசி பிறந்தால் போதும், என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "எத்தனாம் நம்பர் கூண்டு?" புயல் எச்சரிக்கைக்காகத் துறைமுகக் கொடிமரத்தில் ஏற்றுகிற கூண்டின் எண்ணைத்தான் கேட்பார்கள். டீக்கடையில் கேட்பார்கள், பஸ்ஸில் கேட்பார்கள், கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி கேட்பார்கள். எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் எனக்கும் வெகுநாள் இருந்தது.

2011 டிசம்பர் 29, வியாழக்கிழமை. விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. இரவில் கொடிமரத்தில் எரியும் சிவப்பு, வெள்ளை விளக்குகளை இறக்கிவிட்டு, வெளிச்சம் வந்ததும் பகலுக்கான கறுப்புக் கூண்டுகளை ஏற்ற வேண்டும். காற்றில் சைக்கிள் மிதிக்க முடியவில்லை. சிங்காரத்தோப்பில் சைக்கிளைச் சுவரோடு சாய்த்துக் கட்டிவிட்டுக் கடலோரமாகவே நடந்தேன். மணல் பறந்து வந்து முழங்காலுக்குக் கீழே ஊசி ஊசியாகக் குத்தியது. உதட்டை நக்கினால் உப்பு. மற்ற நாளில் அலைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். அன்றைக்கு ஒரே இரைச்சல், நடுவில் மூச்சு விடுகிற இடைவெளியே இல்லை. டார்ச் வெளிச்சத்தில் நுரை பஞ்சுப் பொதி மாதிரி உருண்டு காலடிக்கு வந்தது. அதோடு ஒரு சாமந்தி மாலை. மூன்று நாளைக்கு முன்புதான் சுனாமியின் ஏழாம் ஆண்டு நினைவுக்காகக் கடலில் பால் ஊற்றிப் பூப் போட்டிருந்தார்கள். கடல் அதைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டிருந்தது. குனிந்து எடுத்து மேட்டில் வைத்துவிட்டு நடந்தேன். அதை மிதித்துக்கொண்டு போக மனசு வரவில்லை.

அந்த எண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1 முதல் 11 வரை இருக்கின்றன. 1-ம் 2-ம் தூரக்கடலில் இருக்கும் ஆபத்தைச் சொல்பவை. 3-ம் 4-ம் துறைமுகத்துக்கான முன்னெச்சரிக்கை. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். 11 என்றால் எல்லாவற்றையும்விடப் பெரிய புயல் என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள். அதைவிட முக்கியம் 5-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம். அது கூடுதல் குறைச்சல் கணக்கே இல்லை. புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடக்கும் என்றால் 5, வலப்பக்கம் விட்டுக் கடக்கும் என்றால் 6. நம் கரையில் புயல் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கே வரும். அதன் இடப்பக்கம் தெற்கு. அங்கே தரையிலிருந்து கடலுக்குக் காற்று அடிக்கும். வலப்பக்கமான வடக்கில் காற்று கடலிலிருந்து தரைக்கு அடிக்கும், தண்ணீரையும் ஊருக்குள் தள்ளிக்கொண்டு வரும். 8-க்கும் 9-க்கும் அதே கணக்குதான். 7-ம் 10-ம் நேராகத் தலைக்கு மேலேயே வருகிறது என்பதற்கு.

இது எனக்குப் பயிற்சியின்போதே தெரியும். இருந்தும், முதலில் வேலை பார்த்த ஊரில் ஒரு மாலை 5-ஐ இறக்கி 6-ஐ ஏற்றிவிட்டு வந்தபோது, வழியில் ஓர் அக்கா கேட்டார். "ஆறு" என்றேன். "ஒண்ணுதானே கூடியிருக்கு" என்று சொல்லிவிட்டு, கரையில் குவித்திருந்த வலையை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் போனார். "ஒன்று கூடவில்லை அக்கா, பக்கம் மாறியிருக்கிறது, தண்ணீர் வரும்" என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். மழை பிடித்துக்கொள்ளுமோ என்ற அவசரத்தில் நான் நடந்துவிட்டேன். விடிந்தபோது வலை இல்லை. வட்டிக்கு வாங்கிப் போட்ட வலை. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஊரில் இருந்தவரை அந்தத் தெரு வழியாக நடக்க எனக்குக் கால் வரவில்லை.

அதனால்தான் அன்று விடியற்காலை, படகுகளை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தவர்களிடம் யாரும் கேட்கும் முன்பே நானே நின்று நின்று சொல்லிக்கொண்டு போனேன். எந்தப் பக்கம், எதனால், தண்ணீர் எப்படி வரும் என்று. கொடிமரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முதுகைக் கடலுக்குக் காட்டி உட்கார்ந்திருந்தார். தினமும் அங்கே பார்க்கிற முகம்தான்.

"என்னாங்க ஐயா, கடலைப் பாக்காம உக்காந்திருக்கீங்க?"

"கடலை என்னாத்தைப் பாக்குறது தம்பி? காத்தைப் பாத்துக்கிட்டிருக்கேன். கொண்டலாத் திரும்புனா நமக்குத் தெக்கால போவும், தண்ணி வரும். மேல்காத்தா மாறுனா வடக்கால போவும். ராத்திரி புடிச்சு வாடை வாடையாவே நிக்குது, திரும்பவே மாட்டேங்குது."

"அப்படின்னா?"

"நேரா வருதுன்னு அர்த்தம்."

கொண்டல் கிழக்கிலிருந்து வருகிற காற்று, மேல்காற்று மேற்கிலிருந்து, வாடை வடக்கிலிருந்து. கயிறு என் கையில் இருந்தது. இடது, வலது, நேர் என்று நான் தாளில் படித்துப் பாடமாக்கிய மூன்றையும் அவர் வலது கன்னத்தில் வாங்கி வைத்திருந்தார். கூண்டை ஏற்றி முடிச்சுப் போட்டேன். ஊறிய கயிறு, இரண்டு தடவை வழுக்கியது. பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு குப்பத்துக்குள் போனேன். அரசாங்கச் செய்தி என்று நான் சொன்னதைவிட, காற்று நிற்கிறது என்று அவர் சொன்னதற்குத்தான் மூட்டை கட்டினார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. பைபர் படகுகளின் எஞ்சின்களைக் கழற்றித் தோளில் தூக்கிப் போனார்கள். வலைகள் எல்லாம் தார்ப்பாயில் சுருட்டி மேட்டுக்குப் போயின.

மறுநாள் காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவே 'தானே' என்று பெயர் வைத்த அந்தப் புயல் எங்கள் ஊரை ஒட்டிக் கரையேறியது. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை காற்று. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போன கதை எல்லோருக்கும் தெரியும். நான் பார்த்தது கொஞ்சம்தான். அலுவலகத்துக்குள் கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன்.

காற்று தணிந்த பிறகு, சாய்ந்து கிடந்த மரங்களின் மேல் ஏறி இறங்கிக் கடலோரத்துக்கு வந்தேன். பெரியவர் முந்தின நாள் இருந்த இடத்தில்தான் நின்றிருந்தார். தலைத்துண்டு தெற்கிலிருந்து வந்த காற்றில் பின்பக்கம் பறந்துகொண்டிருந்தது.

"திரும்பிடுச்சு தம்பி" என்றார்.