றங்குப் பெட்டியிலிருந்து வந்த ஸ்பெக்ட்ரம்

எங்கள் வீட்டு ஸ்பெக்ட்ரம் கணினி 1984 ஆம் ஆண்டு சித்தப்பாவின் பயணப் பையில் லண்டனிலிருந்து வந்தது. கேம்பிரிட்ஜிலிருந்த சின்கிளேயர் ரிசேர்ச் நிறுவனம் 1982 ஏப்ரலில் வெளியிட்ட, 48 கே (கிலோபைற்) நினைவகமும் நாற்பது றப்பர் விசைகளும் கொண்ட அந்தக் கறுப்புக் கணினி ஒரு பள்ளிக் கொப்பியளவுதான் இருக்கும். 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது அதன் வேலையும் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட அந்தக் காலத்தில், கணினிக்கு மின்சாரம் தேட வேண்டுமென்று எவரும் நினைக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வின்போது அம்மா அதைப் பழைய சேலையொன்றிற் சுற்றி, றங்குப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினார். அடுத்த வருடம் நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டில் கதவுகள் சில இருக்கவில்லை. றங்குப் பெட்டி இருந்தது.

அதை மீண்டும் இயங்கச் செய்யும் வேலையில் இப்போது மூவர் ஈடுபட்டிருக்கிறோம்: நான், நகரத்தில் நெடுங்காலமாக வானொலி திருத்திவரும் அண்ணை ஒருவர், பொறியியல் படிக்கும் தம்பி ஒருவன். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் எங்கள் வீட்டு விறாந்தை மேசையில் கூடுவோம். கணினியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பதில் எங்களுக்கு விருப்பமில்லை. மின்சாரம் கொடுத்தால் எழும்ப வேண்டும், தட்டினால் பதில் சொல்ல வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

முதற் சேதத்தைச் செய்தவன் நானே. ஸ்பெக்ட்ரத்துக்கு வேண்டியது 9 வோல்ற்று நேரோட்டம். ஆனால் அதன் செருகியில் நடு முனை மறையாகவும் வெளி வளையம் நேராகவும் இருக்க வேண்டும். இன்று கடைகளில் கிடைக்கும் அடாப்ரர்களிற் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறானவை. வீட்டில் கிடந்த 9 வோல்ற்று அடாப்ரர் ஒன்றை, எண் பொருந்துகிறது என்ற ஒரே காரணத்துக்காக, மீற்றர் வைத்துப் பார்க்காமலே செருகிவிட்டேன். மெல்லிய எரிமணம் ஒன்று வந்தது. பிறகு அடாப்ரரைச் சரியானதாக மாற்றியபோதும் திரையில் நிறச் சதுரங்கள் மட்டுமே தோன்றின. அடியில் வர வேண்டிய 1982 ஆம் ஆண்டின் பதிப்புரிமை வாசகம் வரவேயில்லை. “தம்பி, முதலிலை மீற்றரை வையுங்கோ, பிறகு செருகுங்கோ” என்று மட்டும் அண்ணை சொன்னார். அந்தச் சொல்லை அடாப்ரரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பழுதைத் தேடிய விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். இந்தக் கணினியின் கீழ் 16 கே நினைவகம், 4116 என்ற எட்டுச் சில்லுகளால் ஆனது. ஒவ்வொரு சில்லுக்கும் மூன்று வோல்ற்றளவுகள் வேண்டும்: முதலாம் காலில் மறை 5, எட்டாம் காலில் 12, ஒன்பதாம் காலில் 5. இவற்றில் 12 ஐயும் மறை 5 ஐயும் உண்டாக்குவதற்கு ஒரு சிறு சுருளும், பலகையில் டி.ஆர். 4 என்று குறிக்கப்பட்ட திரான்சிற்றரும் உதவுகின்றன. செருகி மாறினால் அந்தத் திரான்சிற்றர் போய்விடும்; மறை 5 இல்லாமற் போனால் 4116 சில்லுகள் பழுதாகத் தொடங்கும். நாங்கள் அளந்தபோது முதலாம் காலில் சுழியம் காட்டியது. திரான்சிற்றரை மாற்றியதும் மூன்று வோல்ற்றளவுகளும் சரியாக வந்தன, ஆனாலும் சதுரங்கள் போகவில்லை. அப்போது அண்ணை சில்லுகளின் மேல் ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தார். இரண்டு மட்டும் தொட முடியாத சூட்டில் இருந்தன.

நாற்பது வருடப் பலகையின் செப்புத் தடங்கள் மிக மெல்லியவை. அவசரப்பட்டு இழுத்தால் ஈயத்தோடு சேர்ந்து அவையும் உரிந்துவிடும். ஆகவே பழுதான சில்லின் பதினாறு கால்களையும் உடலோடு ஒட்ட வெட்டி, ஒவ்வொரு காலையும் தனித்தனியே சூடாக்கி எடுத்து, துளைகளைத் துப்புரவாக்கி, சில்லுக்குப் பதிலாகத் தாங்கியைப் பற்றவைத்தோம். இனி ஒரு சில்லு போனால் ஈயம் உருக்கத் தேவையில்லை. இரண்டு சில்லுகளுக்கு இரண்டு ஞாயிறுகள் ஆகின. மேல் 32 கே நினைவகத்துக்கு ஒன்றும் நேரவில்லை. அதில் இருப்பவை ஒரு பாதி மட்டுமே தேறிய 64 கிலோபிட் சில்லுகள். அவற்றை வீசாமல் நல்ல பாதியைப் பயன்படுத்தி விலையைக் குறைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் மதிப்பான செய்தி.

விசைகளுக்கு அடியிலுள்ள மென்தாளின் நாடா மடிப்பிலேயே முறிந்திருந்தது. வெளிநாட்டில் புதிதாகச் செய்யப்படும் ஒன்றை வாங்கிப் போட்டோம். மின்பகு கொள்ளளவிகள் (கப்பாசிற்றர்கள்) அனைத்தையும் மாற்றினோம். சித்திரை வெயிலில், வோல்ற்றளவைச் சீராக வைக்கும் 7805 சீராக்கியும் அதன் அலுமினியத் தகடும் கொதித்ததால், சூடாகாத புதிய வகைச் சீராக்கி ஒன்றைப் பொருத்தினோம். இன்றைய கணினிகளில் ஸ்பெக்ட்ரத்தைப்போல் நடிக்கும் மென்பொருள்களை நான் குறை சொல்லமாட்டேன், நிரல்களைச் சோதிக்க அவற்றையே பயன்படுத்துகிறோம். ஆனால் 1976 இல் வந்த, ஸ்பெக்ட்ரத்தின் மூளையான இசட் 80 செயலியின் தனிச் சில்லுக்கு 2024 ஜூன் மாதத்துடன் சைலொக் நிறுவனம் கட்டளை பெறுவதை நிறுத்திவிட்ட நிலையில், உயிரோடிருக்கும் ஒவ்வொரு பலகையையும் ஓடவைப்பது அவசியமென்றே நினைக்கிறேன்.

றங்குப் பெட்டியில் கணினியோடு ஒரு கசெற்றும் இருந்தது. நாடாவில் வெண்பூஞ்சணம் படர்ந்திருந்தது; ரேப் றெக்கோடரின் றப்பர்ப் பட்டி தாராக உருகியிருந்தது. பட்டியை மாற்றி, நாடாவைப் பஞ்சினால் மெதுவாகத் துடைத்து, ஒலி கூர்மையாகும்வரை, றெக்கோடரில் நாடாவைப் படிக்கும் தலையின் திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்பினோம். ஸ்பெக்ட்ரத்தின் ஒலிப்பதிவில் ஒன்றுக்குரிய துடிப்பு, சுழியத்துக்குரிய துடிப்பைப்போல் இரு மடங்கு நீளமானது. ஒரேயொரு பிட் பிசகினாலும் இறுதியிலுள்ள சரிபார்ப்பு எண் பொருந்தாமல் முழுவதும் நிராகரிக்கப்படும். பல தடவைகள் பிழைச் செய்தியே வந்தது. ஒருநாள் பின்னேரம், திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமுமாக ஓடிய கோடுகள் நீலமும் மஞ்சளுமாக மாறி, நிரல் முழுமையாக ஏறியது.

அது சித்தப்பா எழுதிய நிரல். பயனர் விரும்பியபடி வரையக்கூடிய 21 எழுத்து வடிவங்களைக்கொண்டு அவர் தமிழ் எழுத முயன்றிருக்கிறார். ஒவ்வொரு எழுத்துக்கும் எட்டு வரிகள், வரிக்கு எட்டுப் புள்ளிகள். பட்டியலைத் திரையில் விரித்தபோது 01000010 என்ற வரி ஐந்து முறை ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து, அதன் அடியில் 01111110 நின்றது. ஒன்றுகளை மட்டும் பார்த்தால் அது “ப”. நிரலை ஓட்டினோம். திரையின் நடுவில் “யாழ்ப்பா” வந்து, ஓர் எழுத்தளவு வெறுமையாகக் கிடந்து, பிறகு “ம்” வந்தது. “ண” வுக்குரிய எட்டு வரிகளும் சுழியமாகவே விடப்பட்டிருந்தன.

லண்டனுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். “அதுக்கு எட்டுப் புள்ளி காணாதடா. பிறகு பாப்பம் எண்டு விட்டனான்” என்றார் சித்தப்பா.

சென்ற ஞாயிறு “ண” வை இரண்டு கட்டங்களில், பதினாறு புள்ளி அகலத்தில் வரைந்தோம். நடுச்சுழி சேராமல் நான்கு தடவைகள் அழித்தோம். பிறகு அதே கசெற்றின் மறுபக்கத்தில் நிரலைப் பதிந்தோம். பதிந்து முடியும்வரை அம்மா கதவடியில் நின்று அந்தக் கீச்சொலியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.