காலையில் மட்டும் மடங்காத விரல்கள்

முதலில் காட்டிக்கொடுத்தது சட்டைப் பித்தான். காலையில் அதைத் துளைக்குள் நுழைக்க விரல் மடங்காது. பத்து மணிக்கு மேல் அதே விரல் சொன்னபடி கேட்கும். தூக்கத்தில் கை நசுங்கியிருக்கும் என்று நானே காரணம் கண்டுபிடித்து இரண்டு மாதம் ஓட்டினேன்.

அப்புறம் மோதிரம் கழற்ற வரவில்லை. கையை மடக்கினால் முட்டிகளுக்கு நடுவே பள்ளம் தெரியுமே, அது நிரம்பி மெத்தென்று இருந்தது. இரண்டு கையிலும். நகத்தை ஒட்டிய கடைசி மூட்டுகளில் மட்டும் ஒன்றுமில்லை. கூடவே, எவ்வளவு தூங்கினாலும் தீராத ஒரு அசதி.

வயது 38. முதலில் பார்த்த மருத்துவர் யூரிக் ஆசிட், ஆர்ஏ ஃபேக்டர் என்று இரண்டு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். இரண்டிலும் கோளாறில்லை, எக்ஸ்ரேயும் சுத்தம். வலி மாத்திரையோடு சந்தோஷமாகத் திரும்பினேன். ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவாக இருந்தாலும் முடக்குவாதம் (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்) இருக்கலாம், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போகலாம் என்பதெல்லாம் அப்போது எனக்கு எங்கே தெரியும்?

படுக்கையை விட்டு இறங்கினால் கூழாங்கல் மேல் நிற்பதுபோல் முன்பாதம் வலிக்க ஆரம்பித்த பிறகுதான் ரூமட்டாலஜிஸ்டிடம், அதாவது மூட்டு நோய் நிபுணரிடம், போனேன். அவர் வலியைப் பற்றிக் கேட்கவே இல்லை. “எழுந்திரிச்சதுல இருந்து கை இலகுவாக எவ்வளவு நேரம் ஆகுது?” முழித்தேன். “ஒரு வாரம் கடிகாரம் பாத்து எழுதிட்டு வாங்க.”

எழுதினேன்: 70 நிமிடம், 85, 90. மூட்டுத் தேய்மானத்தில் வரும் பிடிப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடுமாம், வேலை செய்யச் செய்ய வலி ஏறுமாம். எனக்கு நேர்மாறு. கை குலுக்குவதுபோல் பிடித்து விரல்களின் அடி மூட்டுகளைப் பக்கவாட்டில் அழுத்தினார். உயிர் போய் வந்தது. முடக்குவாதத்தைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான ஆன்டி சிசிபி பாசிட்டிவ். உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் ஏறியிருந்தன. முடக்குவாதம்தான்.

நோயைக் கட்டுப்படுத்தும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை ஆரம்பித்தோம். வாரத்துக்கு ஒரே நாள்தான். மறந்து தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று சீட்டில் கிழமையைச் சுற்றி வட்டம் போட்டுக் கொடுத்தார். வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட், இடையிடையே கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை. ஆறு வாரம் ஒரு மாற்றமும் இல்லை. மாத்திரையைத் தூக்கி எறியலாமா என்றுகூட வந்தது. பத்தாவது வாரம் குறிப்பேட்டில் 40 என்று எழுதினேன்.

இப்போது 10 நிமிடம். பித்தான் ஏறுகிறது. மோதிரம் இன்னும் பெட்டியில்தான்.